கிரீன் ஜிம்: கூடம் இல்லாத உடற்பயிற்சி

கிரீன் ஜிம்: பெயர்ச்சொல், பிரிட்டனில் வழங்குவது. தன்னார்வலர்கள் குழுவாகக் கூடி, ஓர் இயற்கை நிலத்தைச் சீராக வைத்திருக்கும் வேலையையே உடற்பயிற்சியாகச் செய்யும் ஏற்பாடு.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் இதைச் சொல்லுக்குச் சொல் 'பசுமை உடற்பயிற்சிக்கூடம்' என்று தமிழாக்கினால் சிக்கல். அங்கே கூடம் எதுவும் கிடையாது. பசுமை என்றதும் நம் மனதில் வருவது மரக்கன்று நடுவது. ஹீத் எனப்படும் புதர் நிலத்தில் கூடும் குழுக்களோ மரத்தை வெட்டத்தான் வருகின்றன.

முதலில் பிறப்பைப் பார்ப்போம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டுஷயரில் வில்லியம் பேர்டு என்ற குடும்ப மருத்துவர் 1990களில் தன் நோயாளிகளுக்காக நடைக்குழுக்களைத் தொடங்கினார். நடப்பது மட்டும் எல்லோருக்கும் பிடிக்குமா? கையில் ஒரு வேலை இருந்தால்தான் சிலருக்கு உடம்பு அசையும். அதனால் இயற்கைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களின் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து அந்தப் பத்தாண்டின் இறுதியில் கிரீன் ஜிம்மை உருவாக்கினார். அந்த அமைப்பு 1959இல் 'கன்சர்வேஷன் கோர்' என்ற பெயரில் சரே மாவட்டத்துப் பாக்ஸ் ஹில் குன்றில் புதர் வெட்டத் தொடங்கியது. இன்று அதன் பெயர் 'தி கன்சர்வேஷன் வாலன்டியர்ஸ்'.

ஆக, 'ஜிம்' என்ற சொல் மருத்துவர் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம். வெறும் பெயரோடு அது நிற்கவில்லை. வேலைக்கு முன் கைகால்களை நீட்டி மடக்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்வார்கள். அவரவர் வலுவுக்கு ஏற்ற வேலையை அவரவரே எடுத்துக்கொள்வார்கள். நடுவே தேநீர். முடிந்ததும் தசைகளைத் தளர்த்தும் அசைவுகள். சந்தா கிடையாது.

'ஜிம்' என்ற சொல்லின் வேர் கிரேக்கம். அந்த மொழியில் 'கிம்னோஸ்' என்றால் அம்மணம். பழைய கிரேக்கர் ஆடையின்றிப் பயிற்சி செய்த இடம் 'கிம்னாசியோன்'. அது திறந்தவெளியும் மரநிழலும் கொண்ட இடம். பேச்சும் வாதமும் அங்கேயே நடக்கும். பிளேட்டோவின் அகாடமி, அரிஸ்டாட்டிலின் லைசியம் இரண்டும் ஏதென்ஸில் அப்படிப்பட்ட இடங்களில் அமைந்தவைதான். ஜெர்மன்காரர்கள் இன்றும் மேல்நிலைப் பள்ளியைக் 'கிம்னாசியும்' என்பது அந்த வழியில் வந்தது. நம் 'கழக'மும் இதே போலப் புலவர் அவை, படைக்கலம் பயிலும் இடம், சூதாடும் இடம் என்று பல பொருள் சுமந்த சொல். 'பசுமைக் கழகம்' என்று வைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் படிப்பவர்கள் கட்சிக் கொடியைத் தேடுவார்கள்.

இனி ஹீத். விளக்கம் உண்மையில் தேவைப்படுவது இந்தச் சொல்லுக்குத்தான். பழைய ஆங்கிலத்தில் அது உழாமல் கிடக்கும் நிலத்தைக் குறித்தது, ஜெர்மனில் 'ஹைடெ'. தமிழில் இதைத் 'தரிசு' என்று எழுதிவிட்டுப் போவது எளிது, ஆனால் பிழை. தரிசு என்றால் பயன் இல்லாமல் விடப்பட்டது. ஹீத் காலங்காலமாகப் பயன்பட்டு வந்த நிலம்.

மணற்பாங்கான, புளிப்புத்தன்மை கொண்ட, சத்துக் குறைந்த மண். அதில் முழங்கால் உயர ஹெதர் செடிகளும் மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் முட்புதர்களும். கோடை முடியும்போது ஹெதர் பூத்து நிலமே ஊதா நிறமாகிவிடும். பார்த்தால் ஆதியிலிருந்தே அப்படி இருப்பதுபோல் தோன்றும். ஆனால் தாழ்நில ஹீத்களில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் காட்டை வெட்டியதால் உருவானவை. அப்புறம் ஆடுமாடு மேய்ந்தது. ஊரார் கோர்ஸை அடுப்புக்கும் பிராக்கன் என்ற பெரணியைத் தொழுவத்தில் பரப்பவும் அறுத்துப் போனார்கள். புல்லோடு மண்ணைக் கட்டிகளாகப் பெயர்த்தும் எரித்தார்கள். இப்படி எடுத்துக்கொண்டே இருந்ததால்தான் மண்ணில் சத்துச் சேரவில்லை. சத்துச் சேராததால்தான் ஹெதர் பிழைத்தது.

அந்த உழைப்பு நின்றதும் பிர்ச், பைன் மரங்கள் முளைத்து, சில பத்தாண்டுகளில் ஹீத் காடாகிவிடுகிறது. கட்டடங்களுக்கும் வேளாண்மைக்கும் பைன் தோப்புகளுக்கும் போனது தனிக்கணக்கு. 1800க்குப் பிறகு இங்கிலாந்து தன் தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இழந்திருக்கிறது. டார்ட்ஃபர்டு வார்ப்ளர் என்ற சிறு குருவி கோர்ஸ் புதரை நம்பி வாழ்வது. மணல் பல்லி வெயில் படும் வெறும் மணலில்தான் முட்டையிடும். நிழல் விழுந்தால் அதற்கு இடமில்லை.

எனவே தன்னார்வலர் செய்வது, அன்றைய ஊரார் பிழைப்புக்காகச் செய்த வேலையைத்தான். வில்ரம்பத்தால் பிர்ச்சை அறுப்பார்கள். இளங்கன்று என்றால் வேரோடு பிடுங்குவார்கள். ஒரு பக்கம் மண்ணைச் சுரண்டிப் பல்லிக்கு மணல் திட்டு அமைப்பார்கள். வெட்டியதை அங்கேயே மக்க விட்டால் மண்ணில் சத்து ஏறிவிடும் என்பதால் இழுத்து அப்புறப்படுத்துவார்கள். அந்த இழுவைதான், என்னைக் கேட்டால், எந்த எடைக்கருவிக்கும் குறையாத பயிற்சி. பறவைகள் கூடு கட்டும் காலத்தில் புதரில் கைவைப்பதில்லை. வெட்டும் வேலை இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். அந்தக் குளிருக்கு உடம்பைச் சூடேற்றும் பயிற்சி அலங்காரம் இல்லை, அவசியம்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

ஹீத்துக்குப் 'புதர்வெளி' பொருந்தும். புதரும் தெரிகிறது, மரமில்லாத வெளியும் தெரிகிறது. 'முல்லை' என்று சொல்லிப் பார்க்கத் தோன்றும், மேய்ச்சல் நிலம் அல்லவா? ஆனால் முல்லை காடும் காடு சார்ந்த இடமும். ஹீத்தின் கவலையே காடாகிவிடக் கூடாது என்பது.

கிரீன் ஜிம்முக்கு நெருங்கிய கருத்து நம்மிடம் பழையது: உழவாரப்பணி. கையில் உழவாரத்தோடு கோயில் வளாகத்துப் புல்லைச் செதுக்கிய அப்பர் தொடங்கி, அதே பெயரில் இன்றும் கூடித் துப்புரவு செய்யும் குழுக்கள் வரை, கூலியில்லாத கூட்டுழைப்புக்கு இதைவிட உயிருள்ள சொல் இல்லை. ஆயினும் அது கோயிலோடு ஒட்டியது. ஆங்கிலேயப் புதர்வெளிக்கு இழுத்தால் பக்தியும் கூடவே வந்துவிடும். உவமையாகச் சொல்லலாம், கலைச்சொல்லாக வேண்டாம்.

என் பரிந்துரை 'பேணற்பயிற்சி'. 'பாதுகாப்பு' என்றால் வேலியும் காவலும் நினைவுக்கு வருகின்றன. வேலி போட்டுச் சும்மா விட்டால் ஹீத் அழிந்துவிடும். 'பேணல்' தொடர்ந்து கைவைத்துக் கவனிப்பதைச் சொல்கிறது. நிலத்தையும் பேணலாம், உடம்பையும் பேணலாம் என்பது கூடுதல் வசதி. 'பசுமை'யை நான் விட்டுவிட்டேன்.

பூங்காக்களில் நிறுத்தியிருக்கும் இரும்புக் கருவிகளையும் பிரிட்டனில் சில இடங்களில் கிரீன் ஜிம் என்கிறார்கள். அதற்குத் 'திறந்தவெளி உடற்பயிற்சிக்கூடம்' சரிதான். ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் சுவீடனின் 'பிளாகிங்' வேறு வகை. அது 'பொறுக்கியெடு' என்று பொருள்படும் சுவீடியச் சொல்லையும் ஜாகிங்கையும் ஒட்டியது.

வழக்கில் ஒரு எச்சரிக்கை: பங்கேற்பவரைப் 'பேணற்பயிற்சியாளர்' என்று எழுதினால் பயிற்சி கொடுப்பவர் என்று ஆகிவிடும். 'பேணற்பயிற்சித் தன்னார்வலர்' என்பதே பாதுகாப்பு. "ஞாயிறு காலை புதர்வெளியில் பேணற்பயிற்சி, கையுறை கொண்டு வரவும்" என்று அறிவிப்பு எழுதினால் குழப்பம் வராது.