குறுக்குப் பெருக்கலுக்கு முதல் ஒரு போட்டோ

6 செ.மீ நீளமும் 4 செ.மீ அகலமும் உள்ள போட்டோ ஒன்றை, நீளம் 9 செ.மீ வரும்படி பெரிதாக்கினால் அகலம் எவ்வளவு வரும்? வீட்டில் 7ஆம், 8ஆம் தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் கொப்பி, பேனை இல்லாமல் கேட்டுப் பாருங்கள். என் வகுப்புகளில் வருசா வருசம் நிறையப் பிள்ளைகள் சொல்கிற விடை 7. நீளத்தில் 3 கூடியது, அப்ப அகலத்திலும் 3 கூடத்தானே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சரியான விடை 6.

இதையே 12 செ.மீ என்று மாற்றிக் கேட்டால் 8 என்று டக்கென்று சொல்வார்கள். இரட்டிப்பது எல்லோருக்கும் வரும். நாங்கள் கரும்பலகையில் போடுகிற உதாரணங்களும் பெரும்பாலும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றே இருப்பதால், பிள்ளை கூட்டித்தான் யோசிக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. அதற்குள் ரியூசனில் குறுக்குப் பெருக்கலை (6 × ? = 4 × 9 என்று எழுதி விடை எடுப்பதை) காட்டிக் கொடுத்துவிடுவார்கள். பிறகென்ன, விடை வரும், புள்ளியும் வரும், உள்ளே இருக்கிற யோசனை மட்டும் அப்படியே இருக்கும்.

7 என்று சொன்ன பிள்ளையிடம் பிழை என்று சொல்ல வேண்டாம். அதே முறையில் போட்டோவைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். நீளத்தில் 4 குறைத்தால் 2. அகலத்தில் 4 குறைத்தால் 0. போட்டோவில் இருந்த ஆள் எங்கே? வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பேருக்கு விசயம் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகுதான் ‘எத்தனை மடங்கு’ என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு தேவை வருகிறது.

இந்தக் கூட்டல் யோசனைதான் பின்னால் படித்திறனிலும் (கிடையாக 1 போக எவ்வளவு ஏறுகிறது என்ற சரிவின் அளவு) வந்து நிற்கிறது. ஓர் ஏணியின் அடி சுவரிலிருந்து 1 மீற்றர் தள்ளி, நுனி 3 மீற்றர் உயரத்தில். இன்னொன்று 2 மீற்றர் தள்ளி, 4 மீற்றர் உயரத்தில். எது கூடச் செங்குத்து? இரண்டிலும் வித்தியாசம் 2, ஆகவே ஒரே சரிவு என்பார்கள். கட்டத்தாளில் கீறிப் பார்த்தால் முதலாவது 3, மற்றது 2. மலையே இல்லாத யாழ்ப்பாணம் எங்களுடையது (கீரிமலையிலும் ஏற மலை இல்லை), அதனால் ஏணி, ஓட்டுக்கூரை, சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை இவற்றைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். 1:12 என்ற சரிவில் 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்று முற்றத்தில் அளந்து காட்டினால், படித்திறனைக் குறிக்கிற m என்ற எழுத்துக்கு ஓர் உடம்பு வந்துவிடும்.

விகிதம், இயல்பொத்த முக்கோணி (வடிவம் ஒன்று, அளவு வேறு), படித்திறன் மூன்றையும் வேறு வேறு தரங்களில், வேறு வேறு பாடமாகப் படிப்பிக்கிறோம். இவற்றை ஒட்டுகிற இடம் ஒரே கேள்விதான்: நேர்கோட்டில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் படித்திறன் ஏன் மாறுவதில்லை? (0,1), (3,3), (9,7) மூன்றும் ஒரே கோட்டில் உள்ளவை. முதல் இரண்டுக்கும் இடையில் 2/3, அடுத்த இரண்டுக்கும் இடையில் 4/6. கோட்டின் கீழே அந்தச் செங்கோண முக்கோணிகளைக் கீறினால் ஒன்று மற்றதன் இரண்டு மடங்கு. கோணங்கள் அதே கோணங்கள். இதைக் காணாத பிள்ளைக்குப் படித்திறன் வெறும் சூத்திரம்தான்.

பனை நிழலும் நல்ல பாடம். 1 மீற்றர் தடிக்கு 80 செ.மீ நிழல், அதே நேரம் பனைக்கு 12 மீற்றர் என்றால் மரம் 15 மீற்றர். எங்கள் தட்டையான நிலம் இதற்கு வாய்ப்பு. காலையில் செய்யுங்கள், ஏப்ரல் நடுப்பகுதியில் மத்தியானம் வெளியே போனால் சூரியன் நேர் உச்சியில், அளக்க நிழலே இராது.

எல்லாம் விகிதசமன் என்று பிள்ளை நம்பிவிடுவதற்குள் ஓட்டோ மீற்றரையும் காட்டிவிடுங்கள். முதல் கிலோமீற்றருக்குக் கூடிய காசு, அடுத்த ஒவ்வொன்றுக்கும் அதைவிடக் குறைந்த ஒரே தொகை என்று ஓடுகிற மீற்றரில் தூரம் இரட்டித்தால் காசு இரட்டிப்பதில்லை. முதல் கிலோமீற்றருக்குப் பிறகு வரைபு நேர்கோடுதான், ஆனால் அந்தக் கோட்டைப் பின்னால் நீட்டினால் காசு அச்சை உற்பத்திப் புள்ளிக்கு (0,0) மேலே போய் வெட்டும்.