எழுபத்தெட்டுச் சூறாவளி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது?

"மனே, எழுபத்தெட்டுச் சூறாவளியைப் பத்தி நம்மட மலரில ஒரு கட்டுரை வந்தது. அதை எடு பாப்பம்."

1978 இல் நம் கிழக்கிலங்கையை அடித்த சூறாவளியைத்தான் வாசிகசாலைக்கு வந்த பெத்தா, அதாவது பாட்டி, கேட்டா. கேட்டதும் கணினியில் 'சூறாவளி' என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை. அந்த மலரைக் கணினியில் ஏற்றியவன் நான்தான். கட்டுரை உள்ளே இருப்பதும் தெரியும். ஆண்டு மலர்கள், கண்ணகி அம்மன் சடங்கு மலர்கள், இறந்தவர் நினைவாக அச்சிடும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகங்கள், கூத்துப் பாட்டுகளைக் கையால் எழுதிவைத்த கூத்துக் கொப்பிகள் என்று ஊர் முழுக்கத் திரட்டியவை அதில் இருக்கின்றன. ஏற்றிய நாள் வரிசையில் அவை அடுக்கப்பட்டிருந்தன. புதியது மேலே வரவர, பழையது அடியில் போய்க் கிடந்தது.

தேடல் தோற்றதற்கு முதல் காரணம் எழுத்துக்குள்ளேயே இருந்தது. கணினிக்கு 'அ' என்ற வடிவம் தெரியாது. எண் மட்டுமே தெரியும். யூனிகோடு முறை தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கி, 'அ'வுக்கும் 'ம'வுக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் தந்திருக்கிறது. ஆனால் நம் நாட்டில் நீண்ட காலம் மலர்களும் அழைப்பிதழ்களும் பாமினி எழுத்துருவில்தான் தட்டப்பட்டன. பாமினியில் 'அம்மா' என்பதற்குள் ஒளிந்திருப்பவை ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நமக்கு அது அம்மா. கணினிக்கோ பொருளில்லாத ஐந்து குறிகள். தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதை யூனிகோடுக்கு மாற்றலாம். ஆனால் ஒரு குறிக்குப் பதில் இன்னொன்றை வைத்தால் மட்டும் போதாது. பாமினியில் 'கொ' எழுதக் கொம்பை முதலில் தட்டி, பிறகு 'க', பிறகு கால் போடுவோம். கண் பார்க்கும் ஒழுங்கு அது. யூனிகோடு நாவின் ஒழுங்கில் சேமிக்கிறது: 'க' முதலில், உயிர்க்குறி பிறகு. ஆகவே மாற்றும் செயலி கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. 'கொ'வின் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேடல் அவற்றை ஒன்றென்று காணும். கால் போட வேண்டிய இடத்தில் 'ர' தட்டிய பிழைகளை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

இனி தேடல். நாம் ஒரு சொல்லைக் கேட்கும்போது கணினி எல்லாப் பக்கங்களையும் அந்த நேரத்தில் புரட்டுவதில்லை. முன்கூட்டியே ஒரு சொல்லடைவு செய்து வைக்கிறது: இந்தச் சொல், இன்னின்ன பக்கங்கள். அடைவு அகரவரிசையில் இருந்தால் நடுவில் திறந்து, வேண்டாத பாதியைத் தள்ளி, மீதியின் நடுவைத் திறந்து போகலாம். ஆயிரம் சொற்களுக்குப் பத்துத் தடவை பார்த்தால் போதும். பத்து இலட்சத்துக்கு இருபது. எனக்கு இது இன்றைக்கும் வியப்புத்தான்.

ஆனால் தமிழ்ச் சொல் தனியாக நிற்பது குறைவு. சூறாவளியில், சூறாவளிக்கு, சூறாவளியால் எல்லாம் அடைவில் வேறு வேறு சொற்களாக விழுகின்றன. விகுதியை வெட்டி வேர்ச்சொல்லின் கீழ் சேர்க்க வேண்டும். கண்மூடித்தனமாக வெட்டினாலோ ஆபத்து. 'வயலில்' என்பதில் 'இல்'லை எடுத்தால் வயல் கிடைக்கும். 'கோயில்' என்பதில் எடுத்தால் கோயிலே போய்விடும். வெட்டக் கூடாத சொற்களின் பட்டியலும் கூடவே வேண்டும்.

இவ்வளவும் தேட வேண்டிய சொல் தெரிந்தவருக்கு. "பழைய காலத்து வேளாண்மை பத்தி ஏதாச்சும் இரிக்கா?" என்று வருபவருக்குத் தேடற்பெட்டி உதவாது. அவர் உலாவிப் பார்க்க வாசல்கள் வேண்டும். இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர் சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். காரைதீவில் விபுலானந்தர் பிறந்ததும் அதே ஆண்டுதான். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன், லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தார். சில துண்டுகளைக் கொண்டே எந்தப் பொருளையும் கட்டலாம். அறிவையும் அப்படிக் கட்டலாமே என்று எண்ணி, 1933 இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் திணிக்காமல் அதன் முகங்களைத் தனித்தனியே குறிப்பது அந்த முறையின் உயிர். எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என ஐந்து முகங்கள். பெத்தா கேட்ட கட்டுரை தென்னையையும் சொல்கிறது, புயல் அழிவையும் சொல்கிறது, ஒரு ஊரையும் ஓர் ஆண்டையும் சொல்கிறது. அலுமாரியில் ஒரு தட்டில்தான் மலரை வைக்க முடியும். கணினியிலோ கட்டுரை ஓரிடத்தில் கிடக்க, நான்கு வாசல்களிலிருந்தும் அதற்கு வழி போடலாம். படி எடுக்கவே தேவையில்லை.

காலத்தைக் குறிக்கும்போது இரண்டு நாள்களைப் பிரித்து வைப்பது கட்டாயம் என்பேன். நிகழ்ந்தது 1978 நவம்பர் 23. எழுதியது பல ஆண்டுகள் கழித்து. ஒன்றை மட்டும் வைத்தால் மற்றது தொலைந்துபோகும். நாளை ஆண்டு, மாதம், தேதி என்ற ஒழுங்கில் எழுதினால் சாதாரண வரிசைப்படுத்தலே கால வரிசையாகிவிடும்.

இடம் நம் பகுதியில் இன்னும் நுட்பமானது. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் பிரிந்தது. அதற்கு முந்திய தாள்களில் காரைதீவு, அக்கரைப்பற்று எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். மாவட்டப் பெயரை மட்டும் குறித்தால் ஒரே ஊரின் கதை இரண்டாகப் பிளந்துபோகும். ஆகவே ஊரையே அடிப்படையாக வைத்து, எந்தக் காலத்தில் எந்த மாவட்டம் என்பதை அதன் கீழே எழுதுகிறோம். மட்டுநகர் என்றிருந்தாலும் மட்டக்களப்பு என்றிருந்தாலும் ஒரு பெயரை நிலைப்பெயராக்கி, மற்றதை அதை நோக்கித் திருப்பிவிடுகிறோம். இவ்வளவு மாற்றினாலும் கட்டுரைக்கு முதலில் கொடுத்த முகவரியில் கை வைப்பதில்லை. யாரோ ஒருவர் அதைக் குறித்து வைத்திருப்பார்.

அடுத்த முறை வந்த பெத்தா எதையும் தட்டவில்லை. நிகழ்ந்த காலம், ஊர் என்று இரண்டு இடத்தில் விரல் வைத்தா. கட்டுரை வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினா.

இனிக் கூத்துக் கொப்பிகள். கையெழுத்துப் பக்கங்கள் கணினிக்கு வெறும் படம்தான். உள்ளே எழுத்திருப்பது அதற்குத் தெரியாது. எனவே ஒவ்வொன்றுக்கும் நாங்களே எழுதுகிறோம்: கூத்தின் இரண்டு வகைகளில் வடமோடியா தென்மோடியா, என்ன கதை, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் யார், எந்த ஊரில் எந்த ஆண்டு ஆடினார்கள். அண்ணாவியார் பெயர் இல்லாத கொப்பிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கையெழுத்தை அடையாளம் காணக்கூடிய முதியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். இந்த மாதம் அவர்கள் வீடுகளுக்குத்தான் போகிறோம்.