சொல்தா வீடும் பக்கத்து வீடும்

புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்றால் வயதானவர்களுக்கு உடனே புரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் வீடு, மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும் வீடு. சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான் நம் வாயில் புரண்டு சொல்தா ஆனது.

அதே தெருவில் ஒரு மில் தொழிலாளியின் வீட்டையும் வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே படிப்பு. ஒருவர் துப்பாக்கி தூக்கினார், இன்னொருவர் தறி ஓட்டினார். இரண்டு தலைமுறை கழித்துப் பார்த்தால் ஒரு வீட்டுப் பேரன் பாரிசில் இருக்கிறான். இன்னொரு வீட்டுப் பேரன் மாதச் சம்பளம் இல்லாத வேலையில் இருக்கிறான். நானாகக் கட்டிய உதாரணம்தான் இது, ஆனால் ஊரில் கேட்டால் இப்படி ஜோடி ஜோடியாகச் சொல்வார்கள். இந்த இடைவெளி எப்படி வந்தது?

'உழைச்சா முன்னேறலாம்' என்பது திண்ணைப் பதில். 1945-இல் கிங்ஸ்லி டேவிஸ், வில்பர்ட் மூர் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இதைக் கொஞ்சம் நாசூக்காகச் சொன்னார்கள். கடினமான, முக்கியமான வேலைக்குத் திறமைசாலிகள் வர வேண்டுமென்றால் அதற்கு அதிகக் கூலி தர வேண்டும், அதனால் ஏற்றத்தாழ்வு சமூகத்துக்குத் தேவை என்றார்கள். 1953-இல் மெல்வின் டூமின் என்ற இன்னொரு சமூகவியலாளர் மடக்கினார்: பாதிப் பேரின் திறமையைச் சோதித்துப் பார்க்கவே வாய்ப்புத் தராத சமூகத்தில், யார் திறமைசாலி என்று எப்படித் தெரியும்? தறி ஓட்டியவர் சோம்பேறி இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மார்க்ஸ் உற்பத்திச் சாதனம், அதாவது மில், நிலம், இயந்திரம் எல்லாம், யார் கையில் என்று கேட்பார். மில் வீட்டுக்கு இந்தக் கேள்வி கச்சிதமாகப் பொருந்தும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆனால் சொல்தாவுக்கும் சொந்தமாக மில் கிடையாது, நிலம் கிடையாது. மார்க்சின் கணக்குப்படி இரண்டு பேரும் ஒரே பக்கம். அப்புறம் ஏன் பாதை பிரிந்தது?

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இங்கேதான் உதவுகிறார். சொத்து ஒரு கணக்கு, சமூக மதிப்பு வேறொரு கணக்கு, அதிகாரத்தில் பிடி இன்னொரு கணக்கு என்று அவர் பிரித்தார். வர்க்கம் என்பது அவருக்கு 'வாழ்வாய்ப்பு': எந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும், எது திறக்காது. புதுச்சேரியில் அந்தக் கதவு ஒரு காகிதமாக வந்தது. பிரெஞ்சுப் பகுதிகள் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தன. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தானாகவே இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நம் சொல்தா கொடுத்தார், பக்கத்து வீட்டு மில் தொழிலாளி கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கொஞ்சம் பேருக்குப் பின்னால் இன்னொரு பழைய காகிதமும் உண்டு. 1881-இல் வந்த ஆணைப்படி ஒருவர் தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம், புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். இவர்கள் 'ரெனோன்சான்'கள், துறந்தவர்கள். அதில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர், கிறிஸ்தவர்கள் பலர். மேல்சாதிக்காரர்கள் பலர் சாதியை எதற்கு விட வேண்டும் என்று ஒதுங்க, இவர்களில் பலர் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோன் வரை அரசு வேலைக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். இழக்க மதிப்பு இல்லாதவருக்குத் துறப்பது லாபமாக இருந்தது. அதற்காகச் சாதி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலைக்காரர்களையே பிரிக்கிறது என்று 1936-இல் அம்பேத்கர் சொன்னது பெண் பார்க்கப் போகும்போது இன்றும் தெரியும்.

சரி, ஒரு காகிதம் எப்படிப் பேரன் வரை வருகிறது? குடியுரிமை அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும், அது சட்டம். மற்றதைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு விளக்கினார். பணம் மட்டும் மூலதனம் இல்லை. மொழி, பழக்கம், யாரிடம் எப்படிப் பேசுவது என்ற தேர்ச்சி, தெரிந்த ஆட்கள் எல்லாமே மூலதனம், ஒன்றை இன்னொன்றாக மாற்றலாம் என்றார். பென்ஷன் பணம் பிள்ளையை பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்கிறது. அந்த மொழி அவனுக்குப் பிரான்சில் வேலை வாங்கித் தருகிறது. அங்கே இருக்கும் மாமா தங்க இடம் கொடுக்கிறார். முதல் அனுகூலம் இப்படிக் குட்டி போடுவதை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-இல் 'மத்தேயு விளைவு' என்றார். 'உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும்' என்ற விவிலிய வரிதான் பெயருக்குக் காரணம். விஞ்ஞானிகளுக்குக் கிடைக்கும் பேரையும் புகழையும் பற்றித்தான் அவர் எழுதினார். நம் தெருவுக்கும் அது பொருந்துகிறது.

மறுபக்கம் மில் வீடு. அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. அதை ஏழை வீடு என்று சொல்லலாமா? அரசின் வறுமைக்கோட்டை வைத்துப் பார்த்தால் சொல்ல முடியாமல் போகலாம். வறுமையை அளக்க அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12-இல் நகரத்து வறுமைக்கோடு தலைக்கு மாதம் 1,000 ரூபாய்தான். பிரிட்டனின் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1979-இல் வேறு அளவுகோல் வைத்தார்: தன்னைச் சுற்றியுள்ளவர்கள் சாதாரணமாக வாழும் வாழ்க்கையில் கலந்துகொள்ள முடியாமல் போவதே வறுமை. சொல்தா வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்திருக்கிறது, மொய் எவ்வளவு வைப்பது என்று ராத்திரி முழுக்க யோசிக்கும் வீடு எந்தக் கோட்டிலும் ஏறாது. டவுன்சென்ட் கணக்கில் ஏறும்.

பக்கத்து வீட்டுத் தாத்தா ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? சுதந்திரம் வந்த ஊரில் அந்நியன் என்று பேர் வாங்கப் பயந்திருக்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாமல் இருந்திருக்கலாம். இந்தியன் என்பதில் பெருமையாகவும் இருந்திருக்கலாம். 1963 பிப்ரவரியில் அந்த ஆறு மாதம் முடிந்தபோது, அவருடைய பேரன் பிறந்திருக்கவே இல்லை.