கைலோபெரிகார்டியம்: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் திரவம் சேர்வது அடிக்கடி நடப்பதுதான். பெரும்பாலும் ரத்தம், இல்லாவிட்டால் வெளிர்மஞ்சள் நீர். அபூர்வமாகச் சிலருக்கு, அதுவும் வழக்கமான சாப்பாட்டை ஆரம்பித்த பிறகு, வடிகுழாயில் பால் மாதிரி வெள்ளையாக வரும். அதுதான் கைலோபெரிகார்டியம்.

பிரித்துப் பார்த்தால் எல்லாம் கிரேக்கம். 'கைலோஸ்' என்றால் சாறு, 'பெரி' என்றால் சுற்றி, 'கார்டியா' இதயம். பெரிகார்டியம் என்பது இதயத்தைப் போர்த்தியிருக்கும் உறை. ஆக, சொல்லில் இருப்பது சாறும் உறையும் மட்டும்தான். தேங்கி நிற்கிறது என்பதை நாம்தான் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, என்ன சாறு? உணவிலுள்ள கொழுப்பைச் சிறுகுடலின் நிணநாளங்கள் உறிஞ்சும்போது அவற்றில் ஓடும் நிணநீர் (திசுக்களிலிருந்து வடிந்து ரத்தத்துக்குத் திரும்பும் திரவம்) பால்நிறமாகிவிடும், அதற்குப் பெயர் கைல். 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, இரை தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலருகே வெள்ளை இழைகளைக் கண்டு நரம்புகள் என்றுதான் முதலில் நினைத்தார், ஒன்றைக் கீறியதும் பால் கசிந்தது. இந்தப் பால் மார்பு நிணக்குழாய் வழியே மேலேறி, இடப்பக்கக் கழுத்தடியில் ரத்தத்தோடு கலக்கிறது. அறுவையில் அந்தக் குழாயோ அதன் சிறு கிளையோ காயப்பட்டால் ஒழுகி உறைக்குள் தேங்கும். வடித்த திரவத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். கொழுப்பு குறைந்த உணவில் பலருக்கு ஒழுக்கு நின்றுவிடும், நிற்காவிட்டால் அந்த நிணக்குழாயையே கட்டி அடைக்க வேண்டியிருக்கும்.

இப்போது தமிழ்ச் சொல். 'இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கு' என்று பேச்சில் சொல்வோம், ஆனால் இது நீரே இல்லை. சித்த மருத்துவம் ஏழு உடற்கட்டுகளில் முதலாவதாக வைக்கும் 'சாரம்' உணவுச் சாறுதான், பொருளில் கைலுக்கு ரொம்பப் பக்கம். ஆனால் இன்றைய காதுக்குச் சாரம் என்றால் சுருக்கம், அதனால் எனக்குத் தயக்கம். 'அன்னரசம்' என்றால் வயிற்றில் கூழான உணவோ என்று தோன்றும். நிறமும் நிணமும் ஒன்றாகத் தெரிகிற 'நிணப்பால்' என்பதையே எடுத்துக்கொண்டு, 'இதயவுறை நிணப்பால் தேக்கம்' என்பேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் முன்னால் சொன்ன ரத்தம் தேங்குவதற்கும் இதே அச்சு உதவும்: இதயவுறைக் குருதித் தேக்கம்.