பீடி பிடித்தால்தான் சளி வெளியே வருமா?

காசநோய்க்கு மருந்து தொடங்கி இரண்டு மாதம் முடிந்ததும் சளியை மறுபடி பரிசோதிப்போம். ஒழுங்காக மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது கிருமி தெரியாது. தெரிந்தால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா, சர்க்கரை நோய் இருக்கிறதா, மாத்திரை இடையில் விட்டுப்போனதா என்று பார்க்கிறோம். கூடவே நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பீடி, சிகரெட் எப்படி இருக்கிறது?" பெரும்பாலும் வரும் பதில், "குறைத்துவிட்டேன் டாக்டர்."

மதுரையில் என்னிடம் வருபவர்களில் மேலூர் பக்கத்துக் கல்குவாரித் தொழிலாளர்களும், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களும் கணிசமானவர்கள். அவர்கள் சொல்லும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். காலையில் ஒரு பீடி பிடித்தால்தான் இருமி இருமிச் சளி வெளியே வருகிறதாம், நெஞ்சு லேசாகிறதாம். அந்த நம்பிக்கைதான் சிகிச்சையைக் கெடுக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூச்சுக்குழாயின் உள்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. புகை அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. அதே புகை குழாயை எரிச்சலூட்டிப் புதிதாகச் சளியையும் சுரக்க வைக்கிறது. ஆக, பீடி பிடித்ததும் வெளியே வருவது பெரும்பாலும் அந்தப் பீடியே உண்டாக்கிய சளி. நுரையீரலுக்குள் கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களையும் புகை பலவீனப்படுத்துகிறது. மாத்திரை கிருமியைக் கொல்லும். மிச்சத்தை உடம்புதான் சமாளிக்க வேண்டும். புகைப்பவரின் உடம்பால் அது முழுமையாக முடிவதில்லை. அதனால்தான் அவர்களுக்குக் கிருமி மறையத் தாமதமாகிறது. குணமான பிறகு நோய் திரும்பி வரும் வாய்ப்பும் அதிகம். குவாரியில் கல்தூசியைச் சுவாசிப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு.

பீடி சிறியதுதானே என்று நினைக்க வேண்டாம். அணையாமல் இருக்க அதை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழ்நாட்டில் இறந்த சுமார் 43,000 ஆண்களைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்தது. புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்று அது காட்டியது. இவ்வளவு தெரிந்தும் மருத்துவர்களாகிய நாங்கள் எல்லா நோயாளிகளிடமும் இதைக் கேட்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

விட்டவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு. விட்ட முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமலும் சளியும் கூடலாம். மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதும் அதற்கு ஒரு காரணம். "விட்டதால்தான் இருமல் வந்தது" என்று முடிவு கட்டி மீண்டும் பற்றவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சளியில் இரத்தம், காய்ச்சல், எடை குறைவு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

பீடி ஏக்கம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள். டீக்கடைப் பக்கம் போனால் கை தானாகப் பீடிக்குப் போகும் என்றால் சில வாரம் டீயை வீட்டிலேயே குடியுங்கள். முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவை உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஊட்டச்சத்துக்காக அரசு மாதம் தரும் 1,000 ரூபாய் முட்டைக்கும் கடலைக்கும் பயறுக்கும் போகட்டும். புகை பசியையும் மட்டுப்படுத்தும். உடல் தேற வேண்டிய நேரத்தில் அது பெரிய இழப்பு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திட்டினால் அவர் மறைத்துப் பிடிப்பார், என்னிடமும் மறைப்பார். "இன்று பீடி பிடித்துவிட்டேன், மாத்திரை போட்டால் ஒத்துக்கொள்ளாது" என்று சிலர் அன்றைய மருந்தையே விட்டுவிடுகிறார்கள். அது மிக ஆபத்தானது. விட்டு விட்டு மருந்து எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு சிகிச்சை நீளும், கடினமாகும். பீடி பிடித்த நாளிலும் மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது எத்தனை பீடி என்று உள்ளதை என்னிடம் சொல்லச் சொல்லுங்கள். அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.