மூட்டுத் தேய்மானமும் தாது மாத்திரைகளும்: லேபிளில் பார்க்க வேண்டிய கணக்கு

டயர் தேய்வதுபோல் முழங்கால் குருத்தெலும்பு வெறுமனே உராய்ந்து தேய்வதில்லை. அதிலுள்ள செல்கள் ஒருபுறம் பழுது பார்க்க, மறுபுறம் நொதிகள் அரித்துக்கொண்டே இருக்கும். வயது, உடல் எடை, பழைய காயம் எல்லாம் சேரும்போது அரிப்பின் கை ஓங்குகிறது.

பழுது பார்க்கும் வேலைக்கு நுண்தாதுக்கள் வேண்டும். குருத்தெலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்குத் தாமிரம் தேவை. குருத்தெலும்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற பொருள் உருவாக மாங்கனீசு. கொலாஜன் முறுக்கு உறுதிப்பட வைட்டமின் சி. செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களைத் தணிக்கும் நொதிகள் செலினியம், மாங்கனீசு, தாமிரம், துத்தநாகம் ஆகியவற்றை நம்பி இயங்குகின்றன. ஆனால் குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளும் துத்தநாகம் இல்லாமல் இயங்காது! ஒரே தாது, இரண்டு கட்சியிலும். ஆகவே ‘கூடக் கொடுத்தால் கூடப் பலன்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ஆய்வுகளும் அப்படித்தான். வைட்டமின் சி உணவில் அதிகம் இருந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் மெதுவாக முற்றியதாக 1996-இல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு கூறியது. ஆனால் 2004-இல் கினிப் பன்றிகளுக்கு அதே வைட்டமின் சி-யை நீண்ட நாள் அதிக அளவில் கொடுத்தபோது தேய்மானம் கூடியது. தினம் 500 யூனிட் வைட்டமின் ஈ-யை 2 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், குருத்தெலும்பு இழப்பு குறையவில்லை.

நடைமுறையில் அதிகம் சறுக்குவது துத்தநாகத்தில்தான். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 8 முதல் 11 மி.கி.; உச்சவரம்பு 40 மி.கி. மல்டிவைட்டமின், மூட்டு மாத்திரை, சளிக்கான மிட்டாய் மாத்திரை என மூன்றிலும் துத்தநாகம் இருக்கலாம். மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. லேபிளில் இருப்பது உப்பின் எடையா, தனிமத்தின் எடையா என்பதையும் கவனியுங்கள்: 220 மி.கி. துத்தநாக சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டில் உள்ள துத்தநாகம் சுமார் 50 மி.கி. உச்சவரம்பைத் தாண்டி மாதக்கணக்கில் போனால், குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவது தடைபடும். இரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்துப்போதல், தள்ளாட்டம் வரலாம். ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர் தள்ளாடினால் பழி முழங்கால்மீதே விழும். இரும்பு மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்தசோகையும் கூட இருந்தால் இரத்தத்தில் தாமிர அளவைப் பார்ப்பது நல்லது.

செலினியத்தில் தேவை 55 மைக்ரோகிராம், உச்சவரம்பு 400. தாண்டினால் முடி உதிரும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் அதிக அளவு வைட்டமின் ஈ-யை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரத்தக்கசிவு அபாயம் கூடும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி வேண்டாம். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் துத்தநாகத்தோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. மருந்தைக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாகவோ, துத்தநாகத்துக்குப் பின் 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ எடுக்கலாம்.

பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. உடலில் எங்காவது அழற்சி இருந்தாலே இரத்தத்தில் துத்தநாகம் இறங்கும், தாமிரம் ஏறும். அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான சிஆர்பி அளவைப் பக்கத்தில் வைக்காமல், ஒற்றை அறிக்கையை மட்டும் பார்த்துக் குறைபாடு என்று மாத்திரை தொடங்கக் கூடாது.