ரோபோ: மிஷினா, ஆளா?

போன மாதம் கவுந்தப்பாடியில் எங்கள் வீட்டில் 'டெர்மினேட்டர்' இரண்டாம் பாகத்தை மறுபடியும் பார்த்தோம். 1991இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த படம். எதிர்காலத்திலிருந்து இரண்டு கொலைகார ரோபோக்கள் வரும், ஒன்று பத்து வயதுப் பையனைக் கொல்ல, இன்னொன்று அவனைக் காப்பாற்ற. நானும் அக்கா பையனும் கட்டிலில், அப்பாரு, அதாவது தாத்தா, அவருடைய கயிற்றுக் கட்டிலில். காப்பாற்ற வரும் ரோபோவாக அர்னால்டு வந்து நின்றதும் அப்பாரு கேட்டார்:

"ஏங்கண்ணு, இது ஆளா மிஷினா?"

"மிஷினுதானுங்க அப்பாரு. ரோபோ."

"அப்புறம் எதுக்கு அதுக்கு மூஞ்சியும் மீசை மழிச்ச தாடையும்?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார், "சரி, மிஷின் ஆளு."

மறுநாள் அந்தப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 'ரோபோ வந்தது' என்று எழுதுவதா, 'வந்தான்' என்று எழுதுவதா? 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே' என்கிறது தொல்காப்பியம். மக்கள் என்றால் ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம், நடுவில் இடம் கிடையாது. தமிழில் எழுவாயை மறைத்தாலும் வினைமுற்று காட்டிக் கொடுத்துவிடும். அதனால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, உண்மையில் என்ன பொருள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விமர்சனம் எழுதவே முடியாது என்று தோன்றியது.

ரோபோ செக் மொழியிலிருந்து வந்த சொல். காரெல் சாபெக் என்ற செக் எழுத்தாளர் 1920இல் 'ஆர்.யு.ஆர்.' என்று ஒரு நாடகம் எழுதினார், 1921இல் அது பிராகு நகரில் மேடையேறியது. ஒரு தொழிற்சாலை, அதில் வேலைக்காகவே மனிதர்களைப் போலச் செய்யப்படும் உருவங்கள். அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல், இலத்தீனில் உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஏதாவது எடுக்கலாமா என்று யோசித்த காரெலுக்கு, ஓவியரான அண்ணன் யோசெப் சாபெக்தான் 'ரோபோட்' என்று எடுத்துக் கொடுத்தார். உலகம் முழுக்க வழங்கும் ஒரு சொல், இப்படி ஒரு அண்ணன் தம்பி பேச்சில் பிறந்தது.

அவர் அதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. செக் மொழியில் 'ரோபோத்தா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலை. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் வாரத்தில் இத்தனை நாள் பண்ணையார் நிலத்தில் உழைத்துவிட்டுத்தான் தங்கள் நிலத்துக்குப் போக முடியும். 1775இல், இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹிமியாவில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்த பிறகு, அந்தக் கட்டாய வேலைக்கு வரம்பு கட்டி மரியா தெரேசா அரசி ஒரு ஆணை போட்டார். அந்த ஆணையின் பெயரே ஜெர்மனில் 'ரோபோட் பேட்டன்ட்'தான். 1848இல்தான் அந்த முறை ஒழிந்தது. ரஷ்ய மொழியில் வேலைக்கு 'ரபோத்தா' என்பதும், அடிமைக்கு 'ராப்' என்பதும் இதே குடும்பம்தான்.

நம் ஊரில் இதற்கு நேரான சொல் இருந்தது: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளோடு சேர்த்து 'வெட்டி' என்று வரும். கூலி வாங்காமல் ஊருக்கும் அரசனுக்கும் செய்து கொடுக்கவேண்டிய வேலை அது. இன்றைக்கு 'வெட்டியாக உட்கார்ந்திருக்கிறான்' என்றால் சும்மா இருக்கிறான் என்று பொருளாகிவிட்டது. பலன் கிடைக்காத வேலை, பயனில்லாத வேலையாகி, கடைசியில் வேலையே இல்லாததாகச் சொல் தேய்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேருடைய முதுகு வளைந்திருக்கும் என்று நினைத்தால் அதை அவ்வளவு லேசாகச் சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

இன்னொன்று. சாபெக்கின் ரோபோக்கள் இரும்பில் செய்தவை அல்ல. சதை போன்ற ஒரு பொருளை மாவு பிசைவதுபோல் பிசைந்து செய்தவை, பார்த்தால் ஆளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நாடகத்தின் முடிவில் அவை கிளம்பி மனிதர்களையெல்லாம் கொன்றுவிடும், ஒரே ஒருவர் மிச்சம். அதாவது, கொலைகார ரோபோ சினிமாக்காரர்கள் பின்னால் சேர்த்த மசாலா இல்லை. சொல் பிறந்த நாடகத்திலேயே கொலையும் இருந்தது. கட்டாய வேலை வாங்கினால் ஒருநாள் திருப்பி அடிக்கும் என்ற பயம், சொல்லோடு ஒட்டியே வந்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'இயந்திர மனிதன்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எனக்கு இது ஒத்துவரவில்லை. கோவையில் ஒரு பவுண்டரியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே சூடான வார்ப்பை அச்சிலிருந்து எடுத்து வைக்க ஒரு மஞ்சள் நிறக் கை இருந்தது. தலை கிடையாது, கால் கிடையாது, தரையில் போல்ட் போட்டு முறுக்கிய ஒற்றைக் கை. எடுக்கும், திரும்பும், வைக்கும், ஒரு நொடி நிற்கும், மறுபடி திரும்பும். அதுவும் ரோபோதான், அதில் மனிதன் எங்கே இருக்கிறான்? 'தானியங்கி' என்பதும் சரிப்படாது. தானாக இயங்குவதெல்லாம் தானியங்கிதான், பணம் எடுக்கும் மிஷின்கூட. 'எந்திரன்' நல்ல சொல், சின்னது, 2010இல் ரஜினி படம் வந்த பிறகு குழந்தைகள் வாயிலும் ஏறிவிட்டது. ஆனால் 'அன்' விகுதி போட்டதும் அது ஆண்பால் ஆகிவிடுகிறது, பவுண்டரிக் கையை எந்திரன் என்று கூப்பிட நாக்கு தயங்குகிறது.

எந்திரம் என்ற சொல் மட்டும் ரொம்பப் பழையது. பலரும் இதை வடமொழி 'யந்த்ர'விலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், 'இயங்கு' என்ற தமிழ் வேரோடு சேர்ப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்கிறது ஐங்குறுநூறு. யானை பிளிறினால் கரும்பு ஆலையும் பதிலுக்குப் பிளிறுமாம். இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஏனென்றால் எங்கள் ஊர்ப்பக்கம் ஆலை ஆட்டும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டு உருளைக்கு நடுவில் கரும்பைக் கொடுக்கும்போது முதலில் ஒரு முனகல், கரும்பு கெட்டியாக இருந்தால் ஒரு அலறல், அப்புறம் கரும்புப்பால் சளசளவென்று தொட்டியில் விழும். யானை என்று சொன்ன புலவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். 'ஆலை' என்ற சொல்லும் இந்தக் கரும்பு ஆலைதான், அதுதான் இன்றைக்கு நூற்பாலை, சிமெண்ட் ஆலை என்று விரிந்திருக்கிறது.

கொல்லும் எந்திரம் வேண்டுமென்றால் அதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: பொறி. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலைச் சொல்லும்போது 'வளைவிற் பொறியும் கருவிரல் ஊகமும்' என்று ஒரு பட்டியல் வரும். வளைவிற் பொறி, தானே வளைந்து அம்பு எய்யும் வில். கருவிரல் ஊகம், கறுத்த விரல் உள்ள குரங்கு மாதிரி மதில்மேல் உட்கார்ந்திருந்து, கிட்டே வந்தவனைக் கடிக்கும் பொறி. ஆள் இல்லாமல் தானே எதிரியைத் தாக்கும் குரங்கு உருவம், இதைவிடக் கொலைகார ரோபோவுக்குக் கிட்டத்தில் எது வரும்!

எங்கள் கொங்கு நாட்டுக்கே சொந்தமான ஒன்றும் உண்டு. 'பெருங்கதை' என்ற காப்பியத்தை எழுதிய கொங்குவேளிர் விசயமங்கலத்துக்காரர் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. பெருந்துறையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான், பழைய சமணக் கோயில் இன்னும் அங்கே நிற்கிறது. 1924இல் உ.வே.சா. அந்த நூலைப் பதிப்பித்தார். தொடக்கப் பகுதி கிடைக்கவில்லை, ஆனால் கதை தெரியும்: யானைப் பிரியனான உதயணன் என்ற அரசனைப் பிடிக்க, பிரச்சோதனன் என்ற இன்னொரு அரசன் ஒரு பொறி யானையைச் செய்து, வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துக் காட்டில் நிறுத்துவான். யாழ் வாசித்து யானையை அடக்கப் போனவன் மாட்டிக்கொள்வான். பொறி என்றால் எலிப்பொறியும்தான், இந்தக் கதையில் எந்திரமும் கண்ணியும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் மதுரை மதில்மேல் இருந்த குரங்கையோ, படத்தில் உருகி ஓடி உருவம் மாற்றித் துரத்திவரும், பையனைக் கொல்ல வந்த ரோபோவையோ 'கொலைப்பொறி' என்று தாராளமாக எழுதலாம், ஒரு குறையும் இல்லை.

படத்தின் தலைப்பு வேறு. 'டெர்மினேட்டர்' இலத்தீனில் எல்லையைக் குறிக்கும் 'டெர்மினஸ்' என்பதிலிருந்து வந்தது. எல்லை கட்டுபவன், முடித்து வைப்பவன். ரோமானியர்கள் எல்லைக்கல்லையே சாமியாகக் கும்பிட்டார்கள். 'சோலியை முடிப்பவன்' என்று நம் பேச்சில் சொன்னால் பொருள் சரியாக உட்காரும்.

ஆனால் அர்னால்டு நடித்ததைக் கொலைப்பொறி என்று எழுதக் கை போகவில்லை. அங்கேதான் அப்பாரு சொன்னது வந்து நிற்கிறது. மிஷின் ஆளு.

'ஆள்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆள் என்றால் மனிதன். அதே ஆள் என்றால் வேலைக்காரனும்தான்: கூலியாள், கையாள், கட்டட வேலையில் சித்தாள். 'நாளைக்கு மஞ்சள் வெட்ட ஆள் கிடைக்கல' என்று எங்கள் ஊரில் சொன்னால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பாரு காலத்தில் தோட்டத்தில் 'ஆளுக்காரர்' என்று ஒருவர் இருப்பார். வருசத்துக்கு இவ்வளவு தானியம் என்று பேசி, விடிகாலையில் கவலை ஓட்டுவதில் (மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதில்) ஆரம்பித்து இரவு மாட்டுக்குத் தட்டு போடுவது வரைக்கும் அவர் கைதான். முன்பணம் வாங்கியிருந்தால் அது தீரும்வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அவரைப் பெயர் சொல்லாமல் 'ஆளு' என்றே கூப்பிட்டார்கள் என்பதை அப்பாரு இப்போது வருத்தத்தோடுதான் சொல்கிறார். இதுவும் ஒருவகையில் ரோபோத்தாதான். அதே சொல் வினையானால், ஆள் என்றால் அரசாள்வது. வேலை வாங்கப்படுபவனும் வேலை வாங்குபவனும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள், சாபெக்கின் நாடகம் முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதுபோல.

படத்தில் ஒரு இடம். ரோபோ தான் சொன்னதையெல்லாம் கேட்கும் என்று பையனுக்குத் தெரிய வந்ததும், ஒற்றைக் காலில் நில் என்பான். நிற்கும். ஏன் எதற்கு என்று கேட்காது. யாரையும் கொல்லாதே என்பான், அதற்கப்புறம் காலில் மட்டும் சுடும். ஆளுக்காரர் எப்படியோ அப்படி. அதனால் என் முடிவு இது: பொதுவாக ரோபோவுக்கு 'எந்திர ஆள்'. பவுண்டரியில் நின்ற ஒற்றைக் கைக்கும் அது பொருந்தும், ஏனென்றால் அங்கே முன்பு நின்றதும் ஒரு ஆள்தான். கொல்வதற்கென்றே செய்ததற்குக் 'கொலைப்பொறி'. கதையில் பெயராக வரும்போது எந்திரன் இருக்கட்டும்.

வினைமுற்றுக்குத்தான் விடை கிடைக்காமல் இருந்தது. படத்தின் கடைசிக் காட்சி ஒரு உருக்காலையில் நடக்கும். தன் தலைக்குள் இருக்கும் சில்லும் அழிந்தால்தான் எதிர்காலம் பிழைக்கும், ஆனால் தன்னைத்தானே அழித்துக்கொள்ள அதற்கு அனுமதி இல்லை. உருகிய உலோகத்துக்குள் தன்னை இறக்கும் பொத்தானை அழுத்தும்படி பையனின் அம்மாவிடம் சொல்கிறது. போகாதே, இது என் உத்தரவு என்று பையன் கதறுகிறான். அந்த உத்தரவை மட்டும் அது கேட்கவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறது. பவுண்டரியில் அந்த உலோகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், வெண்மையும் மஞ்சளுமாக, கண்ணை நேராக வைக்க முடியாது, நாலடி தள்ளி நின்றாலும் முகம் காயும்.

கை மட்டும் மேலே தெரிந்து, கட்டைவிரலைக் காட்டி, அதுவும் மறைந்தது. அப்பாரு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், போயிட்டான்" என்றார்.